ஹஜேரி மாமாவும் பதினேழாம் நம்பரும்

எமனே வந்து வாசலில் நின்றாலும், "டோக்கன் நம்பரைச் சொல்லும். எந்த ஷிஃப்ட்டு?" என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் எங்கள் ஹஜேரி மாமா கதவைத் திறப்பார். எருமைக்குத் தனியாக கேட் பாஸ் கேட்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எமன் எங்கள் குடும்பத்துக்குள் நாலைந்து தடவை வந்துபோயிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. என் கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்காக விசாரித்தபோது குடும்பத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. அத்தையிடம் போனோம். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அத்தைக்குக் கிடையாது. "ரேஷன் கார்டுல இருக்கும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உளுந்து ஆட்டப் போய்விட்டாள்.

பூனாவை ஒட்டிய ஆகுர்டியில், ஒரு வண்டித் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. வருகைப் பதிவுக்கு மராத்தியில் ஹஜேரி என்று பெயர். கேட்டில் நுழைகிறவர்கள் "ஹஜேரிவாலே மாமா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பெயர் குவார்ட்டர்ஸுக்குள் வந்து, அடுக்களை வரைக்கும் புகுந்துவிட்டது.

அத்தை என் அப்பாவின் அக்கா. அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். எனக்குப் பதினைந்து வயதானபோது அப்பாவும் போனார். காரியங்கள் முடிந்த மறுநாள் அத்தை வந்தாள். என் துணிமணிகளை ட்ரங்குப் பெட்டியில் அடுக்கினாள். "கிளம்புட்டி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றாள். ஆகுர்டி வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே படியேறினேன். மாமா கடிகாரத்தைப் பார்த்து, "நாலு பத்து" என்றார். அப்பா போனபின் அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

அந்த வீட்டில் குளிக்க ஏழு நிமிஷம். எட்டாவது நிமிஷம் கதவில் தட்டு விழும். பால்காரர் ஐந்து நிமிஷம் பிந்தினால் காலண்டரில் லேட்டுக்கு 'லே' என்று ஒரு எழுத்து. மாதத்தில் மூன்று 'லே' விழுந்தால் மாமா அவரை நிறுத்தி வைத்து மராத்தியில் விசாரணை நடத்துவார். அந்த மனிதர் எருமை கன்று போட்ட கதையெல்லாம் சொல்வார். மாமா முழுக்கக் கேட்டுவிட்டு, கன்றுக்கு என்று அரைக் கிலோ வெல்லமும் கொடுத்துவிட்டு, 'லே'யை மட்டும் அடிக்க மாட்டார். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு நிமிஷம் பிந்தி வந்தார்கள். மண்டப வாசலில் மாமா கையை நீட்டி மறித்துவிட்டார். "என்னவே, எட்டு மணின்னு சொல்லிட்டு எட்டு பன்னெண்டுக்கு வாரீரு?" சம்பந்தி முகம் சுருங்கிப் போயிற்று. அத்தை ஓடிவந்து, "ஆரத்தி கரைக்க நேரமாயிட்டு, அதான் நிக்கச் சொல்லுதாவ" என்று பொய் சொல்லிக் காப்பாற்றினாள்.

பிந்துவதையாவது மாமா பொறுத்துக்கொள்வார். ப்ராக்ஸியை மட்டும் பொறுக்க மாட்டார். ஒருவனுடைய வருகைக் கார்டை இன்னொருவன் மெஷினில் அடிப்பது அவருக்குக் கொலைக் குற்றத்துக்கு ஒரு படி மேலே. ஒருநாள் சதாராப் பக்கத்துப் பையன் ஒருத்தன், பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று ஓடிப்போன சிநேகிதனுக்காகக் கார்டு அடித்தான். மாமா பிடித்து மேலதிகாரிக்கு எழுதிவிட்டார். சாயங்காலம் ஒரு கிலோ பேடா வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார். "அப்பம் அந்த ரிப்போட்ட கிழிச்சுப் போடலாம்லா?" என்று அத்தை கேட்டாள். "புள்ள பொறந்தது நெசம், பேடா குடுத்தேன். இவன் உள்ள இருந்தது பொய், எழுதினேன். ரெண்டையும் ஏன் கொழப்புத?" என்றார். அத்தை அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அது ஒன்றும் அந்த வீட்டில் புதிதல்ல.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொந்தமெல்லாம் கடக்வாஸ்லா அணைக்கரையில் கூடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று வந்து பூனாவில் வேர்விட்ட குடும்பங்கள், நாற்பது தலை. ஆளுக்கொரு பாத்திரத்தோடு டெம்போவில் வந்து இறங்குவோம். ஆனால் ஹஜேரி முடியாமல் இலை விழாது. மாமா எல்லோருக்கும் வயதுப்படி டோக்கன் நம்பர் கொடுத்து வைத்திருந்தார். அவர் ஒன்று, அத்தை இரண்டு. நான் பதினேழு. தாலி கட்டி உள்ளே வருகிறவர்களுக்குக் கல்யாணப் பந்தியிலேயே நம்பர் கிடைத்துவிடும். நம்பரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். யெஸ், ப்ரெசென்ட், ஹாஜர் ஒன்றும் செல்லாது. "வருசத்துக்கு ஒரு நா, ஒரு சொல்லு தமிழ்ல சொன்னா வாய் வெந்தா போயிரும்?" என்பார்.

பூனாவில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லே மலையாக இருந்தது. ஒன்று "உள்ளே" என்னும். ஒன்று "உள்ளான்" என்னும். "உள்ளான்னா அடுத்தவன்லே. நீ உள்ளேன். எங்க, சொல்லு" என்று மாமா விட மாட்டார். பெரியவர்கள் பசியில் நெளிவார்கள். என் பெரியப்பா மகள் கோமு ஒரு மராத்திக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவர் எழுந்து நின்று, இரண்டு நாள் மனப்பாடம் செய்ததை உரக்கச் சொன்னார். "வுல்லன்!" ஜனவரிக் குளிர். அத்தை பதறிப்போய், "பாவம், ஸ்வெட்டர் கேக்காரு, யாராவது குடுங்களேன்" என்றாள். அன்றிலிருந்து அவர் வுல்லன் மாப்பிள்ளை. இன்றுவரை அவர் அப்படித்தான் சொல்கிறார். மாமாவும் எட்டு வருடம் திருத்திப் பார்த்துவிட்டு, "சரி, உள்ளதானே நிக்காரு" என்று விட்டுவிட்டார்.

இந்த ஹஜேரியை மாமா குறித்து வைக்கும் நோட்டில் ஒரு விசேஷம். ஃபாக்டரியில் ஆயிரம் பேருக்கு ஆப்சென்ட் போட்ட மனிதர், குடும்ப நோட்டில் அதற்கு ஒரு கட்டமே போடவில்லை. யாரோ கேட்டதற்கு, "சொந்தத்துல என்னவே ஆப்சென்ட்டு? ஒண்ணு வந்தாச்சு. இல்லன்னா வந்துகிட்டு இருக்கான். இல்லன்னா ஷிஃப்ட்டு முடிஞ்சு போச்சு. வேற என்ன இருக்கு?" என்றார். அப்பா போன அடுத்த பொங்கலில் அவர் நம்பரையும் மாமா கூப்பிட்டார். ஒன்பது. "ஷிஃப்ட்டு முடிஞ்சுது" என்று தானே சொல்லி எழுதினார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி, தொண்ணூறுகளின் நடுவில் நான் நியூசிலாந்துக்குக் கிளம்பினேன். விமான் நகர்ப் பக்கம் அப்போது பாதி பொட்டல். விமான நிலைய வாசலில் அத்தை அழ, நானும் அழுகையில், "போறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கு வந்ததே கோபம். "போறேனாம்லா! யாருட்டி உனக்குச் சொல்லிக் குடுத்தது? வாரேன்னு சொல்லு." நான் வாரேன் என்றேன். பக்கத்தில் ஒரு மராத்திக்காரப் பையன் தன் அம்மா காலைத் தொட்டு, "யேதோ" என்றான். அதுவும் வருகிறேன்தான். "பாத்தியா, அவனுக்குத் தெரியுது" என்றார் மாமா.

அந்த ஒரு சொல்லில்தான் வந்தது வினை. வருடா வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் ஆகுர்டிக்குப் போன் செய்வேன். கடலுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இரைச்சல். இரண்டு நிமிஷம் கத்திவிட்டு, போனை வைக்கும்போது நாம் எல்லோரும் சொல்கிறபடி, "சரி மாமா, வாரேன்" என்பேன். முதல் வருடம் மாமா போனை வைத்துவிட்டுத் திரும்பி, "பதினேழு வாராளாம்!" என்று அறிவித்துவிட்டார். வுல்லன் மாப்பிள்ளையின் கையில் 17 என்று எழுதிய அட்டையைக் கொடுத்து விமான நிலையத்துக்கு விரட்டினார். மனிதர் நாலு மணி நேரம் அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். காவல்காரன் வந்து, பதினேழு என்றால் என்ன, பஸ் நம்பரா என்று கேட்டிருக்கிறான். சாயங்காலம் அணைக்கரைக்கு வந்து, "மாமா, பதினேழு நாஹி ஆலி", வரவில்லை, என்று தலையைத் தொங்கப் போட்டாராம். இதெல்லாம் கோமு பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வருடத்திலிருந்து அட்டை இல்லை. ஆனால் பந்தியில் எனக்கு ஓர் இலை விழுந்தது. மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அது போனை வைக்கிறபோது சொல்கிற வாரேன், வருகிற வாரேன் இல்லை என்று விளக்கியிருக்கிறார்கள். மாமா கேட்கவில்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. முப்பது வருடம் அவர் உட்கார்ந்திருந்த கேட்டில், சாயங்காலம் "யேதோ மாமா" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எல்லாம் மறுநாள் காலையில் வந்து நின்றார்கள். அந்தச் சொல் அவரை ஏமாற்றியதே இல்லை. நான்தான் ஏமாற்றினேன். வேலை, பிள்ளை, பிள்ளையின் பள்ளிக்கூடம், அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று ஒன்பது வருடம்.

ஒன்பதாவது வருடம் அத்தை போய்விட்டாள். கோமுதான் போன் செய்தாள். நான் கிளம்பவில்லை. போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். ட்ரங்குப் பெட்டியில் என் துணியை அடுக்கிக் கூட்டிப்போனவளை ஒன்பது வருடம் வந்து பார்க்காமல், இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற வெட்கம்தான். பத்து நாள் கழித்து மாமாவோடு பேசினேன். அவர், "காலைல ஆறு இருவத்தஞ்சு" என்று மட்டும் சொன்னார். கடைசியில் பழக்க தோஷத்தில், "சரி மாமா, வாரேன்" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா, "சரிட்டி" என்றார்.

அதன்பின் இரண்டு பொங்கலுக்கு நான் போன் செய்யவே இல்லை.

மூன்றாம் வருடம் மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் டிக்கெட் போட்டுவிட்டு, முதல் நாள் கோமுவுக்கு மட்டும் போன் செய்தேன். "வா, வா. இப்பல்லாம் டேம் இல்ல, விமான் நகர்ல எங்க சொசைட்டி ஹால்லதான். பதினொரு மணி. லேட்டா வந்த, தெரியும்லா?" என்றாள். அவள் கேலி செய்தாள். இலை போடுவது இருக்கட்டும், நோட்டில் என் நம்பரையாவது வைத்திருக்கிறாரா, அதைக் கூப்பிடுவாரா என்பதுதான் ஆக்லாந்திலிருந்து மும்பை வரைக்கும் என் கவலை. கூப்பிடாமல் பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாண்டிவிட்டால் அப்படியே திரும்பிப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

மும்பையிலிருந்து வரும் வழியில், கண்டாலா ஏற்றத்தில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. ஹாலுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று இருபது. வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே ஹஜேரி நடந்துகொண்டிருந்தது. மாமா பாதியாக வற்றியிருந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும் போல இருந்தது. ஆனால் நோட்டு அதே நோட்டு, அதே நீல பைண்டு. நான் தூண் ஓரமாக நின்றேன்.

"பதினாறு."

"உள்ளேன்" என்றாள் கோமு.

"பதினேழு."

கூப்பிட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா தலையைக் குனிந்துகொண்டார். "உள்ளேன்" என்று மெல்லிய குரலில் தானே சொன்னார். நோட்டில் குறித்தார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிப்போன விஷயம் மாதிரி எல்லோரும் சும்மா இருந்தார்கள்.

"பதினெட்டு" என்றார் மாமா.

"உள்ளேன்!" என்று கத்திவிட்டேன்.

மாமா காதில் கையை வைத்தார். "பதினெட்டு ஆம்பளைல்லா? அது யாரு பொம்பளைக் குரல்?"

"பதினெட்டு இல்ல மாமா. பதினேழு."

"பதினேழு ஏற்கெனவே உள்ள இருக்கா. யாருட்டி அது, ப்ராக்ஸி குடுக்கது?"

ஹாலே திரும்பியது. நான் செருப்பைக் கழற்றவும் மறந்து நடந்தேன். மாமா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹஜேரி எத்தன மணிக்கு?"

"பதினொண்ணுக்கு, மாமா."

"இப்பம் மணி?"

"பதினொண்ணு இருவத்தி ரெண்டு."

"லேட் மார்க்கு" என்று எழுதினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சின்னப் பிள்ளை மாதிரி. நாற்பது பேர் பார்க்கிறார்களே என்றெல்லாம் தோன்றவில்லை. "அழுகதுக்கெல்லாம் நோட்டுல கட்டம் இல்லட்டி" என்றார் மாமா. "செருப்ப வெளிய விட்டுட்டு வந்து உக்காரு. இல போட்டிருக்கு."

போட்டிருந்தது. கோமுவுக்குப் பக்கத்தில், தண்ணீர் தெளித்து, ஆளில்லாமல்.

சாப்பிட்டபின் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்தைக்கு நான் வரலயே மாமா" என்றேன். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மாமா நோட்டைத் திருப்பினார். வருடா வருடம் பதினேழுக்கு நேரே 'உ'. ஒன்றுகூட விடவில்லை. "இதெல்லாம் யாருன்னு நெனச்ச? உங்க அத்தை. நீ போன் பண்ணி வாரேன்னு சொன்ன. நான் வந்துகிட்டு இருக்கான்னு எழுதப் போனேன். அவ எந்திரிச்சு உள்ளேன்னு சொல்லிட்டா. இது ப்ராக்ஸிட்டின்னு நான் சத்தம் போட்டேன். என் புள்ளைக்கு நான் சொல்லாம யாரு சொல்லுவான்னு கேட்டா. நாப்பது பேரு முன்னால. நான் என்ன செய்ய?"

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"வீட்டுக்குப் போய் ரெண்டு நா பேசல." நோட்டை மூடி வைத்தார். "கடைசில ஆஸ்பத்திரில கெடக்கும்போது இதத்தான் சொன்னா. நான் இல்லன்னா பதினேழுக்கு யாரு சொல்லுவாவன்னு. அதுக்குப் பெறவு, வேற ஆள் யாரு இருக்கா?"

முப்பது வருடம் ஒரு கள்ளக் கார்டு விடாத மனிதர், மூன்று பொங்கலாக எனக்காக மெல்லிய குரலில் பொய் சொல்லியிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. வுல்லன் மாப்பிள்ளை எதையோ புரிந்துகொண்டு, தன் ஸ்வெட்டரைக் கழற்றி மாமாவின் தோளில் போட்டார்.

மூன்று வாரம் ஆகுர்டியில் தங்கினேன். குளிக்க அதே ஏழு நிமிஷம்தான். கிளம்பும் அன்று டாக்ஸியில் ஏறிக்கொண்டு, "வாரேன் மாமா" என்றேன்.

அவர் ஜன்னலில் குனிந்தார். "இது எந்த வாரேன்ட்டி? போற வாரேனா, வார வாரேனா?"

"வார வாரேன் மாமா."

அதன்பின் ஒரு பொங்கல்கூடத் தவறவில்லை. நாலு வருடம் நேரிலேயே உள்ளேன் சொன்னேன். அதில் ஒரு தடவைதான் லேட் மார்க், அதுவும் விமானத்தின் தப்பு. ஐந்தாம் வருடம் மாமா இல்லை. காலை ஐந்து நாற்பது. கோமு மறக்காமல் நேரம் பார்த்து வைத்திருந்தாள்.

இப்போது நோட்டு வுல்லன் மாப்பிள்ளையிடம் இருக்கிறது. எண்களை மட்டும் சுத்தமான தமிழில் கூப்பிடுகிறார். முதல் தடவை அவர் மாமாவின் நம்பரை "ஒண்ணு" என்று கூப்பிட்டுவிட்டு, ஷிஃப்ட் முடிந்தது என்று எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தார். நான் எழுந்து நின்று, "உள்ளேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் 'உ' போட்டார். வருடா வருடம் அப்படித்தான் நடக்கிறது. ப்ராக்ஸிதான், எனக்குத் தெரியாதா என்ன? பிடிக்க வேண்டியவர் வந்து பிடிக்கட்டும்.